எண்ணெய் விடாத பூட்டு

1960 நவம்பர் முதல் தேதி, செவ்வாய்க்கிழமை. எல்லாப் புனிதர்களையும் நினைக்கும் சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாள் பூசை முடிந்து நான் நாகல் நகரில் இருக்கும் என் பூட்டுப் பட்டறைக்கு வந்தபோது, தங்கை புருஷன் ராயப்பராஜ் வாசலில் ஒரு தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இரும்புச் சிலிண்டர் ஒன்று கோணிச் சாக்கில் சுற்றிக் கிடந்தது. தூத்துக்குடியிலிருந்து வந்தவன் பெண்டாட்டியைப் பார்க்கப் போகாமல் நேரே பட்டறைக்கு வந்திருக்கிறான் என்றால் விஷயம் பெரிது என்று தெரிந்துகொண்டேன்.

"மச்சான், ஒரு பூட்டு கொண்டாந்திருக்கேன்" என்றான்.

"ஏன் மாப்ளே, தூத்துக்குடியில பூட்டுக்காரன் கிடையாதா?"

"இந்தப் பூட்டுக்குக் கிடையாது."

பெட்டியைத் திறந்தான். சோற்றுத் தட்டு அகலத்தில், இரண்டு மூடிகள் சேர்ந்த வட்டமான பித்தளைப் பெட்டி ஒன்று உள்ளே இருந்தது. அதன் இரண்டு பக்கத்திலிருந்தும் மடிப்பு மடிப்பாக ரப்பர்க் குழாய்கள் கிளம்பி, பல்லால் கடித்துக்கொள்ளும் ஒரு வாய்த்துண்டில் வந்து சேர்ந்தன. பித்தளை பச்சை பூத்திருந்தது. குழாயைத் தொட்டால் கரி மாதிரி கையில் ஒட்டியது.

"தண்ணிக்குள்ள மூச்சு விடுற பெட்டி. ரெகுலேட்டர்னு பேரு. பிரெஞ்சுக்காரன் சாமான். பத்து வருசப் பழசு. எங்க முதலாளி கப்பல்காரன் ஒருத்தன்கிட்ட வாங்கினது."

ராயப்பராஜ் வேலை பார்த்தது துறைமுகத்தில் நங்கூரம் எடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில். தோணிகளின் நங்கூரச் சங்கிலி அறுந்து போனால் கடலடியில் தேடிப் பிடித்து, வடம் மாட்டி மேலே அனுப்புவது அவர்கள் தொழில். பதினாறு வயதில் மூச்சடக்கிச் சங்குக்கு முங்க ஆரம்பித்தவன் அவன். இப்போது நாற்பத்தொன்று. மூச்சு முன்போல நிற்பதில்லை. மூன்று வருஷமாக இந்தப் பெட்டிதான் அவனைக் கடலுக்குள் வைத்திருந்தது. போன மாதம் அதுவும் மூச்சை நிறுத்திக்கொண்டது.

"முதலாளி என்ன சொல்றாரு?"

"அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில தோணி கெளம்புது மச்சான். பெட்டி வேலை செஞ்சா நான் இறங்கலாம். இல்லேன்னா பெட்டி காயலாங்கடைக்கு, நான் கரையில கயிறு சுருட்ட. புதுசு இறக்குமதி பண்ணப் பெர்மிட்டு கிடைக்காதாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. என் கல்யாணத்துக்கு வந்த இடத்தில், சாப்பிட்ட கையோடு ஊர்க் கிணற்றில் குதித்துப் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டியவன் அவன். தண்ணீர் இல்லாத இடத்தில் அவனுக்குக் கை கால் எங்கே வைப்பதென்று தெரியாது.

"கழற்றலாமா?" என்று கேட்டேன்.

"கழற்றுங்க. ஆனா ஒண்ணு. இதுக்குள்ள எண்ணெ மட்டும் படக்கூடாது. கப்பல்காரன் முதலாளிக்கு மூணு தடவை சொல்லிக் குடுத்தானாம்."

"எண்ணெ இல்லாம லீவர் எப்படி ஆடும்?"

"தெரியல. படக்கூடாது, அம்புட்டுத்தான்."

சரி என்றேன்.

மறுநாள் கல்லறைத் திருநாள். காலையில் எங்கள் பெற்றோர் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, பத்து மணிக்குப் பட்டறையில் உட்கார்ந்தோம். புதிய பூட்டு எதைப் பிரித்தாலும் நான் ஒரு பழுப்புக் காகிதத்தை விரித்து, கழற்றும் வரிசையில் சாமான்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் போடுவது வழக்கம். இதில் இருபத்து மூன்று எண் வந்தது. எண் போட்டு முடித்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏனென்றால் அது உண்மையிலேயே ஒரு பூட்டு.

சிலிண்டருக்குள் இறுக்கி அடைத்த காற்று. அதன் வாயில் இந்தப் பெட்டி. பெட்டிக்குள் தட்டுப்போல ஒரு ரப்பர்ச் சவ்வு. ஆள் மூச்சை இழுத்தால் சவ்வு உள்வாங்கி லீவரை அழுத்தும். லீவர் ஓர் ஊசியைத் தள்ளும். ஊசி, காற்றை மறித்து நிற்கும் அடைப்பைத் திறக்கும். இழுப்பதை நிறுத்தினால் ஸ்பிரிங் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். மூச்சுதான் சாவி. விடும் மூச்சு இரண்டாவது குழாய் வழியாகப் போய், வாத்து மூக்கு மாதிரி இரண்டு உதடு ஒட்டிய ஒரு ரப்பர்த் துண்டு வழியே வெளியேறும். அந்த உதடுகள் காற்றை வெளியே விடும், தண்ணீரை உள்ளே விடாது. ராயப்பராஜும் அதை வாத்து மூக்கு என்றுதான் சொன்னான்.

லீவர் இரண்டு, ஸ்பிரிங் இரண்டு, ஊசி ஒன்று. இருபது வருஷமாக என் கை பழகிய சாமான்கள். கெட்டுப்போனது நான்கு. சவ்வு வெடித்திருந்தது. வாத்து மூக்கு காய்ந்து உதிர்ந்தது. குழாய்களில் நான்கைந்து இடத்தில் பிளவு. அடைப்பு குழி விழுந்து காற்றைக் கசியவிட்டது.

பித்தளையைப் புளியில் ஊற வைத்துத் தேய்த்தோம். ஒரு லீவர் வளைந்திருந்ததை நிமிர்த்தினேன். அடைப்புக்கு என்ன செய்வது என்று ஒரு பகல் முழுதும் யோசித்தேன். பித்தளை கூடாது, மரம் கூடாது. கெட்டியாகவும் இருக்க வேண்டும், கடுகளவு விட்டுக்கொடுக்கவும் வேண்டும். யோசித்தபடி வத்தலகுண்டு வியாபாரிக்குப் பட்டறைக் கடிதம் ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். பாதிக் கடிதத்தில் பேனாவைப் பார்த்தேன். கெட்டி ரப்பரில் செய்த எபோனைட் பேனா, கறுப்பு, கட்டைவிரல் பருமன். மையைக் கொட்டிவிட்டு அடிக்கட்டையைக் கடைசலில் மாட்டினேன்.

"ஐயோ மச்சான், நல்ல பேனா!" என்று ராயப்பராஜ் பதறினான்.

"மீதிக் கடிதத்தைப் பென்சில்ல எழுதிக்கிறேன். நீ சக்கரத்தச் சுத்து."

ரப்பருக்குத் தங்கை புஷ்பமேரி இருந்தாள். அவள் எங்கள் ஊரில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சு. புருஷன் வேலை கடலில், இவள் வேலை இங்கே. மாதம் ஒரு முறை அவன் வருவான். இந்த முறை வந்தவன் பட்டறையிலேயே கிடக்கிறான் என்று தெரிந்ததும், டூட்டி முடிந்த வெள்ளைப் புடவையோடு வந்து நின்றாள்.

"என்ன, ரெண்டு பேரும் பெட்டிக்குத் தாலி கட்டிட்டீங்களா?"

"ரப்பர் வேணும் புஷ்பம்" என்றேன். "மெல்லிசா, காத்துப் புகாததா."

"கட்டில்ல விரிக்கிற ரப்பர் ஷீட்டு, ஓரம் கிழிஞ்சது ஒண்ணு கிடக்கு. ஆபரேஷன் கையுறையில ஓட்டை விழுந்தது நாலஞ்சு இருக்கு. மதர்கிட்ட கேட்டுத்தான் எடுக்கணும். என்னத்துக்குன்னு கேட்டா என்ன சொல்ல?"

"கடலுக்கு அடியில ஒரு பேஷண்டு இருக்காருன்னு சொல்லு" என்றான் ராயப்பராஜ்.

அவள் சிரிக்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "நீங்க கரையில உக்காந்தா என்னைத்தான் பிடுங்கி எடுப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் மதரிடம் சொல்லியே கொண்டுவந்தாள்.

ரப்பர் ஷீட்டை வட்டமாக வெட்டிச் சவ்வு ஆக்கினோம். குழாய்களுக்கு லாரி டியூப் வெட்டி, பஞ்சர் சொலூஷன் தடவிப் பட்டை சுற்றினோம். கையுறையின் மணிக்கட்டுப் பகுதியை இரண்டு துண்டாக வெட்டி, ஓரங்களை ஒட்டி வாத்து மூக்குச் செய்தோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டறை அண்டாவில் தண்ணீர் நிரப்பி, பெட்டியை அதில் முக்கி, சிலிண்டரைத் திறந்தோம். ராயப்பராஜ் வாய்த்துண்டைக் கடித்துக்கொண்டு முகத்தை அண்டாவுக்குள் விட்டான். இழுத்தான், காற்று வந்தது. விட்டான், குமிழிகள் வந்தன. பத்து நிமிஷம் அண்டாவுக்குள்ளேயே முகத்தை வைத்திருந்தான். வாசலில் பூட்டு வாங்க வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

சாயங்காலம் அவன் குளிக்கப் போனபின் நான் மட்டும் இருந்து ஒவ்வொன்றையும் துடைத்து, எண் வரிசையில் மாட்டி, பெட்டியை மூடினேன்.

சோதனைக்கு ஆழம் வேண்டும். அகரத்தில் நல்லுசாமி என்ற விவசாயி என்னிடம் தோட்ட வீட்டுக்குப் பூட்டு வாங்குகிறவர். ஐப்பசி மழையில் அவர் கிணற்றில் ஆறாள் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. சனிக்கிழமை காலையில் ஜட்கா வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மூவரும் போனோம். நாங்கள் போவதற்குள் செய்தி போய்விட்டது. மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலை மேட்டில் ஐம்பது பேர் நின்றார்கள்.

"ஏப்பா பூட்டுக்காரரே" என்றார் நல்லுசாமி, "மனுசன உள்ள போட்டுப் பூட்டப் போறீகளா? இது ஊரு குடிக்கிற தண்ணி. ஏடாகூடமா ஏதாச்சும் ஆச்சுன்னா நாளைக்கு நாங்க எங்க போறது?"

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீகளா?" என்று அவர் மனைவி சிவனம்மாள் அதட்டினாள். "நல்ல காரியத்துக்கு வந்திருக்காக."

இங்கே கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலில் முங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். அதன் மறுமுனையை மேலே பிடித்திருப்பவன் மச்சானாக இருக்க வேண்டும், அதாவது முங்குகிறவனின் பெண்டாட்டியோடு பிறந்தவன். தன் சகோதரி தாலி அறுப்பதற்கு எவனும் சம்மதிக்க மாட்டான், ஆகையால் அவன் கவனம் சிதறாது என்பது கணக்கு. தூத்துக்குடியில் எங்கள் சித்தப்பா மகன் ஒருவன் இருந்ததால் இத்தனை வருஷம் எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. அகரத்தில் என்னை விட்டால் ஆளில்லை. எனக்கு நீச்சல் தெரியாது.

"நான் ஒரு தடவை சுண்டினா, சுகமான்னு கேக்கிறேன்" என்றேன். "நீ ஒரு தடவை சுண்டினா சுகம். மூணு தடவைன்னா தூக்கிருவேன்."

ராயப்பராஜ் சிலுவை போட்டுக்கொண்டு படி வழியாக இறங்கி மறைந்தான். குமிழிகள் வந்தன. நான் சுண்டினேன், பதில் வந்தது. இன்னும் கொஞ்சம் கயிறு விட்டேன். மூன்றாள் ஆழம் போயிருப்பான். திடீரென்று கயிறு துடித்தது. மூன்று தடவை இல்லை, எண்ணவே முடியவில்லை. நானும் நல்லுசாமியும் சேர்ந்து இழுத்தோம். தலை தெரிந்ததும் வாய்த்துண்டைத் துப்பிவிட்டு, படிக்கல்லில் தொற்றிக்கொண்டு இருமினான். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வந்தது.

மேட்டில் யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். பயம் தெளிந்த சிரிப்பு.

"ஒண்ணரை நிமிசம்" என்றார் நல்லுசாமி. "எங்க வீட்டு எருமை இதவிடக் கூட நேரம் முங்கும்."

ராயப்பராஜ் மேலே வந்து கமலைக்காலில் சாய்ந்து உட்கார்ந்தான். "மூச்சு இழுக்க நல்லா வந்துச்சு மச்சான். விடும்போதுதான் தண்ணி உள்ள ஏறுது. விட விட ஏறுது" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "போதும் மச்சான். நீங்க பேனாவக் கூட உடைச்சீங்க. கயிறு சுருட்டுறதும் ஒரு வேலைதான்" என்றான்.

அண்டாவில் பத்து நிமிஷம் வேலை செய்தது, கிணற்றில் ஒன்றரை நிமிஷத்தில் ஏன் போயிற்று? எனக்கு விளங்கவில்லை. புஷ்பமேரி பெட்டியின் கிளிப்புகளைக் கழற்றினாள். வாத்து மூக்கை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். முந்தின நாள் இறுக்கமாக ஒட்டியிருந்த உதடுகள், நனைந்த அப்பளம்போல நெளிந்து, பெரிதாகி, வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"அண்ணே, இதுல எண்ணெ விட்டது யாரு?"

நான் பதில் சொல்லும் முன்பே என் வலது கை எனக்கு ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம். பெட்டியை மூடும் முன், அந்தக் கை வேலைப் பலகைக்கு அடியில் போயிருக்கிறது. எண்ணெய்த் தகரத்தை எடுத்திருக்கிறது. லீவருக்கு ஒரு சொட்டு, கீழே வாத்து மூக்குப் பக்கம் ஒரு சொட்டு. எங்கள் பட்டறையில் எண்ணெய் விடாமல் ஒரு பூட்டும் படி இறங்குவதில்லை. எண்ணெய் விட்டு, மூன்று தடவை சாவி திருப்பி, துணியால் துடைத்தால்தான் வேலை முடிந்தது என்று என் கைக்குத் தெரியும். ராயப்பராஜ் சொன்னது என் காதுக்குத்தான் எட்டியிருந்தது, கைக்கு எட்டவில்லை.

"நான்தான்" என்றேன்.

ஐம்பது பேருக்கு முன்னால் அதைச் சொல்வது எளிதாக இல்லை.

"கையுறையில எண்ணெக் கை பட்டாலே மதர் ஒரு வாரம் பேசமாட்டாங்க" என்றாள் புஷ்பமேரி. "ரப்பர் எண்ணெயக் குடிச்சா ஊதிப்போகும். அதுக்குத்தான் நாங்க பவுடர் போட்டு வைப்போம். இவரு உன்கிட்ட மொத நாளே சொன்னாரா இல்லையா?"

"சொன்னான்."

"சொல்லியுமா?"

ராயப்பராஜ் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கயிற்றை அவன் பக்கத்தில் வைத்தேன்.

"மாப்ளே, பெட்டிய மறுபடி செஞ்சு தாரேன். இன்னும் ரெண்டு நாள் இருக்கு. ஆனா கயித்த வேற யாராச்சும் பிடிக்கட்டும். நல்லுசாமி கை பலமான கை."

அவன் கயிற்றை எடுத்துச் சுருட்டி, என் மடியில் வைத்தான்.

"வேற யாரு பிடிப்பா மச்சான்? இங்க புஷ்பத்துக்கு எத்தனை அண்ணன் இருக்காங்க?"

நாங்கள் பட்டறைக்குத் திரும்பியதும் புஷ்பமேரி முதல் வேலையாக எண்ணெய்த் தகரத்தைத் தேடி எடுத்தாள். பெரியது ஒன்று, மூக்கு நீண்ட சின்னது ஒன்று, அலமாரிக்குப் பின்னால் நான் மறந்துபோன இன்னொன்று. மூன்றையும் ஒரு மரப்பெட்டியில் வைத்து, விற்பனைக்குத் தொங்கிக்கொண்டிருந்த என் ஆறு லீவர் பூட்டு ஒன்றை மாட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என் பூட்டையே எனக்குப் போடுறியா?"

"நல்ல பூட்டுன்னு ஊரெல்லாம் சொல்றாங்களே. பாப்போம்."

இருபத்து மூன்று சாமான்களையும் மறுபடி கழற்றினேன். சோடா உப்புப் போட்ட வெந்நீரில் பித்தளைகளை அவளே இரண்டு தடவை கழுவினாள், ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து எனக்குக் கொடுத்தாள். என்னைச் சீயக்காய் போட்டு முழங்கை வரை கழுவச் சொன்னாள். நகங்களைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை கழுவச் சொன்னாள். சவ்வுக்கு ஷீட்டில் மிச்சம் இருந்தது. வாத்து மூக்குக்கு ஒரே ஒரு கையுறைதான் மிச்சம். கத்திரியை என்னிடம் தராமல் அவளே வெட்டினாள். வெட்டிய துண்டில் என்னைவிட நேரான ஓரம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சனிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் ஒட்டி முடித்து, உதடுகளுக்கு இடையே பவுடர் தூவித் தொங்கவிட்டோம். மறுநாள் ஞாயிறு, கடன் திருநாள், வேலை கூடாது. ஆனால் சொலூஷன் காய்வதை யாரும் வேலை என்று சொல்ல முடியாதே. பூசைக்குப் போய்விட்டு வந்து மூவரும் அது காய்வதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

மாலையில் பெட்டியை மூடும் நேரம் வந்தது. கடைசிக் கிளிப்பை மாட்டினேன். அப்போது பார்த்தால் என் வலது கை பலகைக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தது. அங்கே ஒன்றும் இல்லை. நிமிர்ந்தேன். எதிரே புஷ்பமேரி இடுப்பில் இருந்த சாவியைத் தட்டிக் காட்டினாள். ராயப்பராஜ் அந்த வாரத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அகரத்தில் இருந்தோம். மத்தியான ரயிலில் அவன் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். இந்தத் தடவை இருநூறு பேர் வந்திருந்தார்கள். எருமைக் கதை அக்கம்பக்கமெல்லாம் பரவியிருந்தது.

ராயப்பராஜ் இரண்டு கயிறு கேட்டான். ஒன்று அவன் இடுப்புக்கு, அது என் கையில். மற்றொன்றில் ஒரு கம்பிக் கூடை கட்டி உள்ளே விட்டு, அதை நல்லுசாமியிடம் கொடுத்தான். "ஆழத்துல கைவேலை செஞ்சு பாக்கணும். அடியில கல்லு கில்லு கிடந்தா போட்டு அனுப்புறேன். சுண்டினா இழுங்க" என்றான்.

"கல்லத் தூக்கவா என்னைய நிப்பாட்டுறீக?" என்று முனகினாலும் கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டார்.

அவன் இறங்கினான். தலைக்கு மேல் தண்ணீர் மூடிக்கொண்டது. குமிழிகள் ஒரு கொத்து வந்தன. இடைவெளி. மறுபடி ஒரு கொத்து.

நான் சுண்டினேன். கயிறு ஒரு தடவை சுண்டியது.

மூன்றாள் ஆழம். சனிக்கிழமை துடித்த இடம். என் உள்ளங்கை வேர்த்து, கயிறு வழுக்கியது. சுண்டினேன். ஒரு தடவை, நிதானமாக, பதில் வந்தது. கயிறு மேலும் மேலும் கீழே போயிற்று. ஓர் ஆள் ஆழத்துக்கு ஒன்றாக நான் கயிற்றில் போட்டிருந்த முடிச்சுகளில் ஆறாவது தண்ணீரைத் தொட்டதும் நின்றது. தரையில் நிற்கிறான்.

"எத்தனை புஷ்பம்?"

"நாலு நிமிசம்" என்றாள். மார்பில் குத்தியிருந்த நர்சுக் கடிகாரத்தைவிட்டு அவள் கண் எடுக்கவில்லை. நோயாளியின் நாடியைப் பிடித்திருக்கிறவள் மாதிரி நின்றாள்.

"ஆறு... எட்டு."

குமிழிகள் கிணற்றின் நடுவிலிருந்து கிழக்கு மூலைக்கு நடந்தன. கீழே அவன் நடக்கிறான் என்று கூட்டத்துக்குப் புரிந்தது. எல்லாத் தலைகளும் குமிழியோடு சேர்ந்து திரும்பின. தண்ணீருக்குள் ஒரு மனுஷன் நடப்பதை அவர்கள் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினோராவது நிமிஷத்தில் நல்லுசாமி, "ஆத்தாடி!" என்று கத்தினார். கூடைக் கயிறு சுண்டியது.

"என் கயித்துல சுகம்னு வருது" என்றேன். "நீங்க இழுங்க."

இழுத்தார். கூடை மேலே வந்தது. உள்ளே சேறு அப்பிய ஒரு பித்தளைக் குடம். சிவனம்மாள் ஓடி வந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். புள்ளி புள்ளியாகக் கொத்திய எழுத்துகள் தெரிந்தன. கூட்டத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படித்தார்: "மு. சிவனம்மாள், 1949."

"எங்கல்யாணக் கொடம்!" என்று கூவினாள். அடுத்த கணமே புருஷனைப் பார்த்துத் திரும்பினாள். "நாலு வருசம்! கெணத்துல விழுந்துருச்சுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். எங்கண்ணன் வீட்டுக்குக் குடுத்துட்டேன்னு எத்தனை பேச்சுப் பேசினீக!"

"சரி சரி, அதான் கொடம் வந்திருச்சுல்ல."

"கொடம் வந்திருச்சு. பேசின பேச்சு திரும்ப வருமா?"

கூட்டம் ஆரவாரம் செய்தது. அதற்குள் கயிறு மறுபடி சுண்டியது. ஒரு செம்பு வந்தது. ஒரு தூக்குவாளி, பிடி இல்லாமல். கமலையின் இரும்பு அச்சு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மேட்டில் ஒரு கூச்சல். பெண்கள் தங்கள் வீட்டில் காணாமல் போனவற்றைச் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் நடுவில் நடுவில் சுண்டினேன். ஒவ்வொரு தடவையும் சுகம் என்று பதில் வந்தது. கடைசியில் நான் கேட்காமலே ஒரு தடவை சுண்டினான். அவனாகச் சொல்கிறான், சுகம் என்று. நான் அழுதுவிட்டேன். வேர்வை என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம்.

"இருபத்து நாலு நிமிசம்" என்றாள் புஷ்பமேரி.

"செத்த நேரம் இருக்கச் சொல்லுங்க பூட்டுக்காரரே" என்றார் நல்லுசாமி. "போன வருசம் எம் மம்பட்டி ஒண்ணு வடக்கு மூலையில விழுந்துச்சு."

புஷ்பமேரி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "உங்க எருமைய இறக்குங்கண்ணே. அது எடுத்துட்டு வரும்."

சிவனம்மாள்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

இருபத்தாறாவது நிமிஷத்தில் மூன்று தடவை சுண்டியது. நிதானமாக, எண்ணக்கூடிய மாதிரி. இழுத்தோம். ராயப்பராஜ் படிக்கல்லில் ஏறி நின்றான். வாய்த்துண்டை உடனே எடுக்கவில்லை. வெளிக்காற்று இருக்கும்போதே பெட்டிக்காற்றை இன்னும் இரண்டு மூச்சு இழுத்தான், விட மனமில்லாதவன்போல. பிறகு எடுத்தான்.

"மச்சான், வாயெல்லாம் ரப்பர் ருசி" என்றான். "எண்ணெ ருசி இல்ல."

அவனை யாரும் நடக்கவிடவில்லை. நல்லுசாமியே தோளில் தூக்கிக்கொண்டார். ஈரம் சொட்டச் சொட்ட, பித்தளைப் பெட்டியும் குழாயும் முதுகில் தொங்க, தோட்ட வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கம்பங்களியும் கோழிக்குழம்பும் கிடைத்தன. சிவனம்மாள் அந்தக் குடத்தில்தான் தண்ணீர் கொண்டுவந்தாள்.

வியாழக்கிழமை கார்டு வந்தது. அவன் எழுதிய கடிதங்களில் நீளமானது அதுதான்.

"சேசுவுக்கே புகழ். மச்சான் அவர்களுக்கு ராயப்பராஜ் எழுதுவது. செவ்வாய்க்கிழமை எட்டுப் பாகம், அதாவது எட்டாள் ஆழத்தில் இருபத்தெட்டு நிமிஷம் நின்றேன். ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. நங்கூரம் ஏறியது. முதலாளி முதலில் மேலே நின்று கடிகாரம் பார்த்தாராம். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு உட்கார்ந்து டீ குடித்தாராம். பெட்டியைப் பழுது பார்த்தது யார் என்று கேட்டார். என் பெண்டாட்டியும் அவள் அண்ணனும் என்றேன். இதே மாதிரி கெட்டுப்போன பெட்டி இரண்டு இன்னொரு இடத்தில் கிடக்கிறதாம். வாங்கி ரயிலில் அனுப்புகிறார். கையுறைக்கு மதரிடம் இப்போதே சொல்லி வைக்கவும்."

பதில் கார்டைப் பென்சிலால் எழுதினேன். அனுப்பச் சொல்லு, பார்த்துக்கொள்கிறோம் என்று.

பத்தாம் நாள் மரப்பெட்டி வந்து சேர்ந்தது. ஆணியைப் பிடுங்கிப் பலகையைத் திறந்தேன். பச்சை பூத்த பித்தளை இரண்டு, காய்ந்த குழாய்கள் நான்கு. பழுப்புக் காகிதத்தை விரித்து, முதல் எண்ணைப் போட்டு, ஸ்குரூடிரைவரை எடுத்தபோது வாசலில் வெள்ளைப் புடவை தெரிந்தது.

"நில்லு அண்ணே" என்றாள் புஷ்பமேரி.

உள்ளே வந்தாள். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தாள். பலகைக்கு அடியில் பார்த்தாள். எண்ணெய்த் தகரங்கள் மூன்றையும் அந்தப் பழைய மரப்பெட்டிக்குள் வைத்து, அதே ஆறு லீவர் பூட்டை மாட்டி, இழுத்துப் பார்த்தாள். பூட்டு அசையவில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு என் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"ம், இப்ப ஆரம்பி" என்றாள்.